ஒரே டேட்டாபேஸாம், மூன்று வாடிக்கையாளர் பட்டியலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடைக்காரர்களிடம் "எல்லா மாட்யூலும் ஒரே டேட்டாபேஸ்" என்று சொல்லி கடை மென்பொருளை விற்கிறார்கள். திறந்து பார்த்தால் பில்லிங்குக்கு ஒரு வாடிக்கையாளர் டேபிள், ஸ்டாக்குக்கு இன்னொன்று, கணக்குக்கு மூன்றாவது. ஒரே சர்வரில் கிடந்தால் ஒன்றாகிவிடுமா? பில்லிங்கில் 'நாயுடு', கணக்கில் 'நைடூ'. ஒரே ஆளின் பாக்கி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

இந்த மூன்றுக்கும் இடையில் தூது போவது சிஎஸ்வி கோப்பு, அதாவது பத்திகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் வெற்று உரைக் கோப்பு. தென்னாப்பிரிக்க விண்டோஸ் அமைப்பில் இயல்பாகத் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, அதற்கும் காற்புள்ளிதான். 149,50 ராண்ட் இரண்டாக உடைந்து, 50 போய் அடுத்த பத்தியில் எண்ணிக்கையாக உட்கார்ந்துகொள்கிறது. 031 என்று தொடங்கும் போன் எண்ணில் பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடுகிறது.

வாட் கூத்து இதைவிட மோசம். 2025 மே 1 முதல் 15.5 சதவீதம் என்றது அரசு, ஏப்ரல் 24 அன்று கைவிட்டது. வரி விகிதம் ஒரே டேபிளில், தொடங்கும் தேதியோடு இருந்தால் அந்த ஒரு ரோவை நீக்கினால் போதும். மூன்று இடத்தில் இருந்தால் ஏதோ ஒன்று 15.5இலேயே நின்றுவிடும், இன்வாய்ஸும் பேரேடும் ஒத்தே வராது.

காசு கொடுக்குமுன் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள்: பில்லிங்கில் பெயரை மாற்றினால், எதையும் இம்போர்ட் செய்யாமல், கணக்கில் உடனே மாறுகிறதா?