பத்து சதவீதக் கணக்கு இங்கே இல்லை
நூல் பகுதிகளைப் படியெடுத்து வகுப்பில் பகிர்வது பற்றிய ஒரு கட்டுரை, 'ஒரு நூலில் பத்து சதவீதம் வரை மாணவர்களுக்குத் தரலாம்' என்று சொல்கிறது. கற்பித்தலுக்கு அப்படியொரு வரம்பு இந்தியச் சட்டத்தில் கிடையாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆசிரியரும் மாணவரும் கற்பித்தலின்போது படியெடுப்பதை அனுமதிக்கிறது. பாடப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்றதை எதிர்த்துப் பதிப்பகங்கள் தொடுத்த டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கில் 2016 டிசம்பரில் உயர் நீதிமன்ற அமர்வு பார்த்தது, பாடத்துக்கு அந்தப் பகுதி தேவையா என்பதைத்தான். அதனால் எந்த அலகுக்கு எந்த அத்தியாயம் என்று பாடத்திட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

சிக்கல் வருவது பகிரும் இடத்தில். கூகுள் டிரைவில் 'இணைப்பு உள்ள எவரும்' என்று விட்டாலோ யூடியூபில் ஏற்றினாலோ ஊருக்கே வெளியிட்டதாகிவிடும். அங்கே 52ஆம் பிரிவு தரும் இந்த விலக்கை நம்ப முடியாது. கடவுச்சொல் உள்ள மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் அந்தப் பருவ மாணவர்களுக்கு மட்டும் திறந்து, பருவம் முடிந்ததும் மூடிவிடுங்கள். நூலகம் சந்தா கட்டும் மின்னிதழா? பிடிஎஃப் ஏற்ற வேண்டாம், இணைப்பு மட்டும் கொடுங்கள். அங்கே நூலகம் பதிப்பாளரோடு செய்துகொண்ட உரிம ஒப்பந்தமும் குறுக்கே வரும்.