விரல் நுனி ஊசியும் பாரிசவாதமும்
அண்ணை, பாரிசவாதம் (பக்கவாதம்) வந்தவரின் விரல் நுனிகளில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் குணமாகும் என்று மேலே பகிர்ந்திருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அது சரியில்லை. விரலில் நாலு துளி போவதால் மூளையின் இரத்தக் குழாயை அடைத்த இரத்தக்கட்டி கரையாது. சிலருக்கு அறிகுறி சில நிமிடங்களில் தானாகவே மறையும், பெயர் ஊசிக்குப் போய்விடுகிறது! அந்த மறைவும் பெரிய தாக்கத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். கட்டியைக் கரைக்கும் மருந்தை, சி.ரி. ஸ்கானில் இரத்தக்கசிவு இல்லை என்று பார்த்தபின், பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணிநேரத்துக்குள் ஏற்ற வேண்டும். ஊசி தேடும் நேரத்தில் இலங்கையில் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். சரிபார்க்க, இந்த மருந்து பற்றி 1995இல் வந்த என்.ஐ.என்.டி.எஸ்., 2008இல் வந்த ஈகாஸ் 3 ஆய்வுகளின் சுருக்கத்தைப் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வு இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போகும்போது அங்குள்ள வைத்தியரிடமே கேளுங்கள்.