கூரியர் மென்பொருளில் தோட்டத்துக்கும் ஓர் இடம் வேண்டும்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கமெல்லாம் வீட்டில் இருந்தே ஒன்லைன் கடை நடத்துகிற நம்ம பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். தேயிலைத்தூள், உடுப்பு, மசாலாத்தூள், அழகுசாதனம் என்று எல்லாம் விற்கிறார்கள். ஓடர் கொஞ்சம் கூடியதும் என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, கடையையும் கூரியரையும் இணைச்சிக் குடுங்க." ஓடர் விழுந்ததும் வேபில் இலக்கம் (கூரியர் அந்தப் பார்சலுக்குக் கொடுக்கிற இலக்கம்) தானாக வரணும், லேபிள் அடிபடணும், பார்சல் எங்கே நிற்குது என்று வாங்கினவருக்கு மெசேஜ் போகணும். நியாயமான ஆசை. கூரியர் கொம்பனி ஏபிஐ, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசுகிற வழி, கொடுத்தால் அதை வூகொமர்ஸ், ஷொப்பிஃபை மாதிரி ஒன்லைன் கடை மென்பொருளில் பொருத்துவது பெரிய வேலையும் இல்லை.

ஆனால் இந்த இணைப்பு நம்ம பக்கம் முகவரியில் வந்து விழுந்துவிடுகிறது. அதைச் சரி செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் காசு வீண் என்பது என் உறுதியான கருத்து.

கடைப்பக்கம் கேட்பது என்ன? முதற்பெயர், குடும்பப்பெயர், தெரு, நகரம், தபால் குறியீடு. லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கிற ஒரு அக்கா இதில் எதை நிரப்புவார்? அவருக்குத் தெரு இல்லை. தோட்டம் இருக்கிறது, தோட்டத்துக்குள்ளே பிரிவான டிவிஷன் இருக்கிறது, லய நம்பர் இருக்கிறது. இந்த மூன்றையும் போட ஒரு கட்டம் கூட இல்லை. அவர் எல்லாவற்றையும் தெரு என்ற கட்டத்துக்குள் திணிப்பார். அல்லது "மேல் டிவிஷன், ஹட்டன்" என்று மட்டும் எழுதிவிடுவார். ஹட்டனைச் சுற்றி எத்தனை தோட்டத்தில் மேல் டிவிஷன் இருக்கிறது என்று கூரியர் கிளையில் பார்சல் பிரிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இது மென்பொருள் வந்த பிறகு பிறந்த பிரச்சினை இல்லை. தலைமுறை தலைமுறையாக நம்ம ஆட்களுக்கு வந்த கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வந்தது. அங்கிருந்து கை மாறி, கை மாறித்தான் வீட்டுக்கு வந்தது. நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து வந்த கதை இல்லாத தோட்டம் உண்டா? பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் வந்து வேலை செய்யவே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டி இருந்தது. ரோட்டுக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் எப்படி வந்திருக்கும்? அந்தப் பழைய குறையை இன்று புதிதாக எழுதுகிற ஒவ்வொரு மென்பொருளும் அப்படியே எடுத்துக்கொள்கிறது. எனக்குக் கோபம் வருவது அதில்தான். ஒரு கட்டம் கூட்டுவதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லையே.

அடுத்தது நகரப் பட்டியல். கூரியர் மென்பொருள் நகரத்தின் பெயரைத் தன் பட்டியலில் தேடி, அதை வைத்துத்தான் பார்சல் எந்தக் கிளைக்குப் போகணும் என்று தீர்மானிக்கும். தலவாக்கலையை இங்கிலீஷில் சிலர் ஒரு எல் போட்டு எழுதுவார்கள், சிலர் இரண்டு போடுவார்கள். போகவந்தலாவைக்கும் அக்கரப்பத்தனைக்கும் எச் வைப்பவரும் உண்டு, வைக்காதவரும் உண்டு. எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் ஏற்கும் என்றால் ஓடர் நின்றுவிடும். கிட்டத்தட்ட பொருந்தினால் போதும் என்று விட்டால் அது இன்னும் மோசம்: கொட்டகலைக்குப் போக வேண்டியது கொத்மலைக்குப் போகும். ஒன்று ஹட்டன் பக்கம், மற்றது கம்பளை, நாவலப்பிட்டி பக்கம். டயகமவில் கிழக்கும் மேற்கும் வேறு வேறு தோட்டம். அந்த ஒரு சொல் விடுபட்டால் பார்சல் கொண்டு போகிற ரைடர் மலையைச் சுற்றிக்கொண்டு நிற்பார்.

இதற்கு நான் சொல்வது, கடையையும் கூரியரையும் நேரே இணைக்காதீர்கள். நடுவில் உங்களுடைய சொந்த அட்டவணை ஒன்று இருக்கட்டும். தோட்டம், டிவிஷன், அதற்குரிய கூரியர் கிளை, அந்தக் கொம்பனி தன் பட்டியலில் அந்த நகரத்தை எழுதுகிற அதே எழுத்துக்கூட்டு. வாங்குபவர் தோட்டத்தைத் தெரிவு செய்தால் போதும், மிச்சத்தை அட்டவணை பார்த்துக்கொள்ளும். நாளைக்குக் கூரியர் கொம்பனியை மாற்றினாலும் அட்டவணையில் ஒரு நிரலைத்தான் (கொலம்) மாற்றுவீர்கள். தோட்டத்துக்கு ஆபீஸில் ஒரு பெயரும் ஆட்கள் வாயில் ஒரு பெயரும் இருந்தால் இரண்டையும் போடுங்கள். அடையாளத்துக்கும் ஒரு கட்டம் வையுங்கள்: கோயிலடி, புள்ளைக்காம்பரா (பிள்ளை பராமரிக்கிற இடம்), கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கிற இடம்). ரைடர் வீட்டைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். எத்தனை மணிக்கு வீட்டில் ஆள் இருக்கும் என்பதையும் கேளுங்கள். மலையில் கொழுந்து பறிக்கிறவர் பகல் பதினொரு மணிக்குப் போனை எடுக்க மாட்டார். சிக்னலும் இருக்காது. "ஆள் இல்லை" என்று பார்சல் திரும்பி வரும். சீஓடி (பார்சல் கையில் கிடைக்கும்போது காசு கொடுப்பது) என்றால் அனுப்பின செலவும் திரும்பி வந்த செலவும் கடைக்காரர் தலையில். கூரியர் லேபிளில் குறிப்பு எழுத இடம் இருந்தால் அந்த நேரம் அதில் தானாகப் போய் விழட்டும்.

போன் நம்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டத்துக்குப் போகிற பார்சலுக்கு அதுதான் பாதி முகவரி. ஓடர்களை எக்செல்லில் திறந்து மறுபடி ஏற்றுகிறவர்கள் கவனியுங்கள்: நம்பர் முன்னால் இருக்கிற பூச்சியத்தை எக்செல் விழுங்கிவிடும். அந்த நிரலை எழுத்து என்று குறித்து வைத்தால் விழுங்காது. தமிழில் எழுதிய முகவரி லேபிளில் வெறும் கேள்விக்குறியாகவோ கட்டங்களாகவோ வந்தால் பிரிண்டரில் தமிழ் எழுத்துரு இல்லை, அல்லது நடுவில் ஏதோ ஒரு இடத்தில் யுனிகோட் (கணினி தமிழ் எழுத்தைக் குறிக்கிற முறை) அறுந்திருக்கிறது. லேபிளைப் படமாக மாற்றி அடித்தால் முதல் கோளாறு தீரும்.

இணைப்புச் செய்கிறவர்களுக்கு ஒன்று. மழை பெய்தால் இணையம் அறுந்து அறுந்து வருகிற ஊர் இது. வேபில் கேட்டு அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வரவில்லை என்றால் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். அந்தப் பக்கம் வேபில் ஏற்கெனவே பதிவாகி இருக்கலாம். கோரிக்கையோடு ஓடர் இலக்கத்தையும் உசாத்துணையாக (ரெஃபரன்ஸ்) அனுப்புங்கள், முதலில் அதை வைத்துத் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் மட்டும் புதிதாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஓடருக்கு இரண்டு வேபில் நிற்கும், மாதக் கடைசியில் சீஓடி காசு கணக்கோடு பொருந்தாது.

நிறையையும் சரியாகப் போடுங்கள். ஒரு கிலோ தேயிலையைப் பெட்டியில் வைத்தால் அது ஒரு கிலோவைத் தாண்டிவிடும். கூரியர் அடுத்த கிலோவுக்கும் சேர்த்தே பில் போடும்.

கூரியர் கொம்பனிகளிடமும் கேட்கிறேன். உங்கள் நகரப் பட்டியலுக்குக் கீழே தோட்டத்தையும் டிவிஷனையும் சேருங்கள். பட்டியலை மாற்றினால் இணைத்திருக்கிற கடைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் ரைடர்களுக்கு இந்தத் தோட்டங்கள் எல்லாம் அத்துப்படி. அவர்கள் தலையில் இருப்பதை எழுதி எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களை நான் எழுத ஆரம்பித்திருக்கிறேன். தோட்டம், டிவிஷன், கிளை மட்டும்தான். ஆட்களின் பெயரோ நம்பரோ அதில் இருக்காது. பதுளை, அப்புத்தளை, மாத்தளை, இரத்தினபுரி பக்கம் தெரிந்தவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். முடிந்ததும் யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம்.