கேஸ்கெட்டை மாத்தச் சொன்னா சிலிக்கானை அப்பாதீங்கய்யா!

மூணு வாரம் கூட ஆகல. "இன்டேக் கேஸ்கெட் மாத்தியாச்சு சார், இனிமே சொட்டுத் தண்ணி போகாது"ன்னு பில்லு போட்டுக் கொடுத்த மாருதி எஸ்டீம் கார், இன்னைக்குக் காலையில ஏசி ஓட ஓட கத்திப்பாரா நெரிசல்ல டெம்பரேச்சர் முள்ளு சிவப்பைத் தொட்டு நிக்குது. இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது எஞ்சினுக்குக் காத்து போற குழாய்த் தொகுதியைக் கழட்டினா, அதுக்கும் எஞ்சினோட மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவுல கசியாம அடைக்கிற புது கேஸ்கெட்டே கிடையாது. பழசேதான். அது மேல ரெண்டு பக்கமும் தோசைக்கு சட்னி தடவின மாதிரி சிலிக்கான் பசை. சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடையில சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான்யா அது! பில்லுல அதுக்குக் காசு வாங்கிட்டு வாங்கிப் போடாம விட்டிருக்காங்க.

இதுக்கு முன்னாடி நடந்ததும் உங்க எல்லாருக்கும் மனப்பாடம். எஞ்சினை ஆற வைக்கிற கூலன்ட் குறையுதுன்னு வண்டியை விட்டா "ரேடியேட்டர் போயிடுச்சு சார்." ரேடியேட்டர் மாறும், கூலன்ட் குறையும். "வாட்டர் பம்ப் சார்." அதுவும் மாறும், கூலன்ட் அப்பவும் குறையும். அப்புறம் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கித் தூர எறிஞ்சுட்டு, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்"னு ஃபேனை எப்பவும் ஓடுற மாதிரி டைரக்ட் பண்ணி விடுவாங்க. அதுக்கும் நிக்கலைன்னா ரேடியேட்டர் வாயில ஒரு கை மஞ்சத்தூள். மஞ்சத்தூள்! ஊசி ஓட்டையை அது கொஞ்ச நாள் அடைக்கும், நிஜம்தான். கூடவே ரேடியேட்டரோட சன்னக் குழாயையும் ஹீட்டர் காயிலையும் சேர்த்து அடைச்சிடும். எஞ்சினைச் சூடாக்குறதுக்கு அதை விடச் சுருக்கு வழி இல்ல.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டுறதைப் பத்தி தனியாச் சொல்லியே ஆகணும். அது கூலன்ட் 82 டிகிரி வாக்குல சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்குற வால்வு. அதை எடுத்துட்டா ஓடுற வண்டியில எஞ்சின் சூடே ஏறாது. எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்குன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கிட்டு பெட்ரோலை அள்ளி ஊத்தும், மைலேஜ் விழும். சிக்னல்ல நின்னா மட்டும் சூடு ஏறும். இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, இந்த வகை மாருதி எஞ்சின்ல, அதாவது ஜிப்ஸி, எஸ்டீம்ல, தெர்மோஸ்டாட் உக்காந்திருக்கிறதே இன்டேக் மேனிஃபோல்டுலதான். ஹெட்டுல இருந்து வர்ற தண்ணி அந்த கேஸ்கெட்டைத் தாண்டித்தான் மேனிஃபோல்டுக்குள்ள வருது. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கின கைக்கு ஒரு ஜாண் தள்ளி ஒழுகிக்கிட்டிருக்கு. டார்ச் அடிச்சுப் பாத்திருந்தா ரேடியேட்டர் காசும் பம்ப் காசும் மிச்சம்.

"கீழ ஒரு சொட்டு கூட இல்லையே சார்"ங்கறாங்க. எப்படி இருக்கும்? மேனிஃபோல்டு ஓரத்துல கசியுற கூலன்ட் சூடான பிளாக் மேல வழிஞ்சு தரைக்கு வர்றதுக்குள்ள காஞ்சிடும். காஞ்ச இடத்துல வெள்ளையாவோ பச்சையாவோ பிங்க்காவோ உப்பு பூத்திருக்கும். அதைத் தேடணும், டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வச்சு, மேனிஃபோல்டுக்கு அடிப்பக்கம். அதோட இந்தக் கசிவு பெரும்பாலும் எஞ்சின் ஆறினப்பதான் அதிகம். அலுமினியம் சுருங்கும், இடுக்கு திறக்கும், சூடானா விரிஞ்சு மூடிக்கும். அதனாலதான் "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தேன், ஒழுகல"ன்னு சொல்றது எதுக்கும் உதவாத சோதனை. ஆறின எஞ்சின்ல ரேடியேட்டர் வாயில பிரஷர் டெஸ்டரை மாட்டி, ரேடியேட்டர் மூடியில 0.9னு போட்டிருந்தா 0.9 பார் வரைக்கும் கைப்பம்புல அடிச்சு கால் மணி நேரம் விடணும். முள்ளு இறங்கினா எங்கேயோ போகுது. அதுக்கு மேல அடிக்கவும் கூடாது, நல்லா இருக்கிற ஹோஸும் பிய்ஞ்சிடும்.

அந்த 0.9 பார் சும்மா இல்ல. அந்த அழுத்தத்துலதான் வெறும் தண்ணியே 118 டிகிரி வாக்குல கொதிக்கும். கசிவு இருந்தா அழுத்தம் நிக்காது, நூறை ஒட்டியே குமிழ் விட ஆரம்பிச்சிடும். கத்திரி வெயில்ல, மத்திய கைலாஷ் சிக்னல்ல, ஏசியைப் போட்டுக்கிட்டு நிக்கிற வண்டிக்கு அந்தப் பத்துப் பதினெட்டு டிகிரிதான் உயிர்.

கசிவு உள்பக்கமா சிலிண்டருக்குள்ள போனா இன்னும் மோசம். காலையில முதல் ஸ்டார்ட்ல ஒரு சிலிண்டர் சரியா எரியாமத் தட்டும், வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோட வரும், ஒரு பிளக் மட்டும் கழுவின மாதிரி பளபளன்னு இருக்கும். உடனே "ஹெட் கேஸ்கெட்"னு ஹெட்டை இறக்காதீங்கய்யா! நீலத் திரவம் ஊத்துற டெஸ்டர் இருக்கு. ரேடியேட்டர் வாயில வச்சு எஞ்சினை ஓட விட்டா, எரிஞ்ச வாயு வந்தால்தான் அது மஞ்சளா மாறும். நீலமாவே இருந்தா முதல்ல இன்டேக் பக்கம் பாருங்க. ஆயில் பால் காபி நிறத்துல இருந்தா மட்டும் ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, பேரிங் போயிடும்.

இதுக்காக எல்லா வண்டியிலயும் இன்டேக் கேஸ்கெட் மேல பழி போடவும் கூடாது. இப்ப வர்ற பல கார்கள்ல பிளாஸ்டிக் மேனிஃபோல்டு, அதுல காத்து மட்டும்தான் போகும். அங்க காத்தோட அளவைக் கட்டுப்படுத்துற த்ராட்டில் பாடிக்குப் போற சின்னத் தண்ணி ஹோஸைப் பாருங்க.

சரி, இன்னைக்குக் கழட்டினதுக்கு வர்றேன். ஹெட்டோட முகத்துல, தண்ணி ஓட்டைக்குப் பக்கத்துல, ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பின கீறல். நகம் மாட்டுது, அவ்வளவு ஆழம். போல்ட்டை ஓரத்துல இருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தி, வராட்டி மரக்கொட்டாப்புளியால ஒரு தட்டு தட்டியிருந்தா அது கழண்டு வந்திருக்கும். நெம்பிக் கீறிட்டு, அந்தக் கீறலை அடைக்க சிலிக்கான். அது போதாதுன்னு ஒட்டியிருந்த மிச்சத்தை எடுக்க கிரைண்டர்ல எமரி டிஸ்க் போட்டுத் தேய்ச்சிருக்காங்க, வட்ட வட்டமாக் கோடு தெரியுது. காத்து போற போர்ட்டுல துணி அடைச்சிருக்க மாட்டாங்க. அந்தப் பொடி எல்லாம் எங்க போயிருக்கும்? சிலிண்டருக்குள்ள. பிஸ்டனை அரைச்சுக்கிட்டு ஆயில்ல கலந்து பேரிங் வரைக்கும் போகும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் பிரேக் கிளீனரும் போதும்யா, அரை மணி நேரம் பொறுமை இருந்தா.

ஸ்ட்ரெயிட் எட்ஜ்ங்கற நேர் பட்டையை முகத்துல வச்சு, ஃபீலர் கேஜ்ங்கற சன்னத் தகட்டை அடியில விட்டுப் பாத்திருக்கணும். 0.10 மில்லிமீட்டர் தகடு நுழைஞ்சா அந்த முகத்தை லேத் பட்டறையில சமமாச் சீவி ஃபேஸிங் கொடுத்தாகணும். இங்க தண்ணி ஓட்டையைச் சுத்தி அலுமினியமே அரிச்சுக் குழிவிழுந்து கிடக்கு. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் வீட்டு ஹீட்டர் காயில்ல படியுற வெள்ளைப் பொருக்கைப் பாத்திருக்கீங்க இல்ல? அதே போர் தண்ணியை ரேடியேட்டர்ல வருஷக்கணக்கா ஊத்தினா இதுதான் நடக்கும். கூலன்ட் பாதி, பேட்டரி வாட்டர் பாதி, அவ்வளவுதான் கணக்கு. ரெடிமிக்ஸா வாங்கினா தண்ணியே சேர்க்காதீங்க. நிறத்தைப் பாத்து வாங்காதீங்க, மேனுவல்ல என்ன ரகம் போட்டிருக்கோ அதை வாங்குங்க.

புது கேஸ்கெட்டை சுத்தமான முகத்துல, உலர்ந்தபடியே வைக்கணும். சிலிக்கான் வேண்டிய இடம் உண்டு. வி6, வி8 எஞ்சின்ல மேனிஃபோல்டு நடுப் பள்ளத்துல உக்காரும்போது முன்பின் ஓரத்துலயும் நாலு மூலையிலயும் சன்னமா ஒரு கோடு. கேஸ்கெட் மேல அப்புறதுக்கு இல்ல. பிதுங்கி உள்ள போன துண்டு பிய்ஞ்சு ரேடியேட்டர் குழாயில போய் நிக்கும். இன்னைக்கு தெர்மோஸ்டாட் வீட்டுக்குள்ள இருந்து சுண்டு விரல் நீளத்துக்கு ஒண்ணு வந்துச்சு.

முறுக்கினதையாவது ஒழுங்கா முறுக்கியிருக்காங்களா? நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு, மூணு சுத்தா, மேனுவல் சொல்ற அளவுக்கு. இந்த எஞ்சினுக்கு 20 நியூட்டன் மீட்டரை ஒட்டி. ஒரு பக்கத்துல இருந்து வரிசையா, நீளக் கைப்பிடி போட்டு இழுத்தா அலுமினிய மரை உருவிக்கிட்டு வந்துடும். வந்திருக்கு, ரெண்டு இடத்துல.

தண்ணி நிரப்பினதும் அப்படியேதான். ரெண்டு நிமிஷத்துல ஊத்தி மூடியை மாட்டி சாவியைக் கொடுத்திருப்பாங்க. ஹீட்டர் நாப்பை முழுச் சூட்டுல வச்சு, மூடியைத் திறந்தபடி மெதுவா ஊத்தி, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் விட்டாத்தான் உள்ள மாட்டிக்கிட்ட காத்து, அதாவது ஏர் லாக் போகும். மறுநாள் காலையில ஆறின எஞ்சின்ல மறுபடியும் அளவு பாக்கணும். நம்ம ஊர்ல ஹீட்டரைத் தொடுறவங்களே இல்லாததால அந்தக் கேபிளும் இறுகிக் கிடக்கும், அதையும் பாருங்க.

ஒண்ணு மட்டும் கேக்குறேன், இதுக்கும் கேஸ்கெட்டுக்கும் சம்பந்தமே இல்ல. இறக்கின பழைய கூலன்ட்டை ஏன்யா ரோட்டோரம் ஊத்துறீங்க? அது எத்திலீன் கிளைக்கால், இனிப்பா இருக்கும், நக்கின நாய்க்கு கிட்னி போயிடும். பட்டறை வாசல்ல பச்சையாக் குட்டை கட்டி நிக்குது, நீங்க பிஸ்கெட் போட்டு வளர்க்கிற நாய் அதுக்குப் பக்கத்துலயே படுத்திருக்கு. அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு அங்கேயே காலியாக் கிடக்கே, அதுல பிடிச்சு மூடி வைங்கய்யா!