அந்தப் படத்தில் அவள் அப்பாவும் இருக்கிறார்

காதுகுத்தில் என் மகளை எடுத்துப் பேஸ்புக்கில் போட்ட படத்துக்குக் கீழே மூன்று நாளாக நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. பதிலே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் துணியைச் சரிபார்க்கிற செக்கிங் டேபிள் அக்கா ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏனுங் மேடம், பாப்பாவுக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலீங்களா? சட்டையத் திருப்பிப் போட்டிருந்துச்சே" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமான அக்கறை. அதுதான் தாங்கவில்லை.

ஆமாம், சட்டையைத் திருப்பித்தான் போட்டிருந்தாள். உள்பக்கம் வெளியே. கீழே பச்சைப் பட்டுப்பாவாடை, மேலே அவள் அண்ணனுடைய பழைய டைனோசர் டீ-ஷர்ட். ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் யார் வீட்டுக் குழந்தையின் செருப்போ. வயது நான்கு.

"வேலைக்குப் போற பொம்பளை ஊட்டுக் கொழந்தைனு பாத்தாலே தெரியுது" என்று ஒருவர் எழுதினார். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் பாதிப் பேர் என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள். "பனியன் கம்பெனில சூப்பர்வைசர்னு பேரு, புள்ளைக்கு ஒரு நல்ல துணி எடுத்துப் போட முடியலையா அம்மிணி" என்று இன்னொருவர். மூன்றாமவர் ஒரே வார்த்தைதான் எழுதினார். "பாவம்."

சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? அவள் அப்பா. ஆள் ஐந்தே முக்கால் அடி, ஓரத்தில் மங்கலாகவெல்லாம் இல்லை, நட்டநடுவில் பளிச்சென்று நிற்கிறார். அவரை ஒருவராவது கேட்டீர்களா? "ஏனுங் மாப்ள, புள்ள சட்டையத் திருப்பிப் போட்டிருக்குது, பாக்கலையா" என்று? கேட்கவில்லை. நான் அந்தப் படத்திலேயே இல்லை. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். காங்கேயம் பக்கம் குலதெய்வக் கோயில். சித்திரை வெயில், தகரக் கொட்டகை. காலையில் ஏழு மணிக்கே பட்டுப்பாவாடை, பட்டுச்சட்டை, பூ, வளையல், பொட்டு எல்லாம் போட்டு, சாமி சிலை மாதிரிதான் வண்டியில் ஏற்றினேன். அந்தப் படமும் இருக்கிறது, யாரும் பகிரவில்லை. பத்து மணிக்குள் அவள் கழுத்தெல்லாம் வேர்க்குரு. கையிடுக்கில் ஜரிகை உராய்ந்து சிவந்துவிட்டது. "குத்துதும்மா" என்றாள். நான் சோற்று வாளியோடு நின்றேன். அவளே போய்ப் பையைக் கிளறி அண்ணன் சட்டையை எடுத்து, அவளே மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். திருப்பிப் போட்டது தெரியாமல் அல்ல. வீட்டிலும் அப்படித்தான் போடுவாள். ஏன் என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் அது என் தொழில்.

டீ-ஷர்ட்டின் உள்பக்கம் கழுத்தில் லேபில், பக்கவாட்டில் எப்படித் துவைப்பது என்று சொல்லும் வாஷ்கேர் லேபில், தோளிலும் அக்குளிலும் ஓரம் பிரியாமல் போடுகிற ஓவர்லாக் தையல். பெரியவர்களுக்குத் தெரியாது. தோல் மெல்லிசான குழந்தைக்கு அது நாள் முழுக்க நறநறவென்று இருக்கும். திருப்பிப் போட்டால் குத்துவதெல்லாம் வெளியே போய்விடும், வழவழப்பு உடம்பில் படும். நான்கு வயதில் இதை அவளே கண்டுபிடித்திருக்கிறாள். எங்கள் ஆபீஸில் இதே காரணத்துக்காகத்தான் லேபிலுக்குப் பதில் கழுத்தில் பிரிண்ட் அடிக்கச் சொல்லி பையர்கள், அதாவது எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள், கேட்கிறார்கள். நீங்கள் அதைப் பார்த்து "பாவம்" என்றீர்கள்.

தெரியாதவர்களுக்காக: நான் திருப்பூரில் குழந்தைகள் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறேன், இந்த வேலையில் பதினொரு வருடமாக இருக்கிறேன். குழந்தைத் துணியைப் பற்றி எனக்கு வகுப்பெடுக்க வந்தவர்களுக்கு நானும் கொஞ்சம் எடுக்கிறேன். பிரஸ் பட்டன் ஒன்றைப் பிடித்து 90 நியூட்டன் விசையில் 10 விநாடி இழுத்துப் பார்ப்போம். ஏறக்குறைய ஒன்பது கிலோ எடை தொங்குகிற மாதிரி. பிய்ந்து வந்தால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும், அதனால். தையலில் ஊசி உடைந்தால் கடைசித் துண்டு வரை தேடி எடுத்து நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அங்கிருக்கிற பீஸ் எதுவும் நகராது. ஐரோப்பாவுக்குப் போகும் துணியில், ஏழு வயதுக்குள்ளான குழந்தை என்றால் தலைமூடியிலும் கழுத்திலும் இழுத்துக் கட்டும் கயிறே இருக்கக் கூடாது. எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும் என்று.

நம் பட்டுச்சட்டையின் முதுகைப் பாருங்கள். நீளமாக இரண்டு நாடா, நுனியில் குஞ்சம், குஞ்சத்தில் மணி. என் டேபிளுக்கு வந்தால் லாட்டோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

உடனே, "பண்பாட்டைக் குறை சொல்றியா" என்று வருவார்கள். இல்லைங்க. அத்தை ஆசையாக எடுத்துக் கொடுத்த பாவாடை அது, சேமிப்பில் வாங்கியது. அதை அவள் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். விசேஷ வீட்டில் கொஞ்சம் பார்வையாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் நினைப்பதில் தப்பில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாவாடையை அவள் அவிழ்க்கவே இல்லையே. கடைசி வரை போட்டிருந்தாள். சட்டையை மட்டும்தான் மாற்றினாள். இதை ஒருத்தர் கவனிக்கவில்லை.

"உன் நல்லதுக்குத்தானே சொன்னாங்க" என்றும் ஒருவர். நல்லதுக்குச் சொல்கிறவர் போன் பண்ணிச் சொல்வார்.

"வேலைக்குப் போகாம வீட்ல இருக்கற அம்மாக்களை மட்டம் தட்டறே" என்று ஒரு தோழி தனியாக அனுப்பியிருந்தாள். எந்த இடத்தில் தட்டினேன் என்று மட்டும் காட்டு. அவர்கள் வீட்டுக் குழந்தையும் சட்டையைத் திருப்பித்தான் போடும். அப்போது "குறும்பு" என்பீர்கள், நம் வீட்டில் செய்தால் "கவனிப்பாரில்லாத பிள்ளை". சட்டை ஒன்றுதான்.

இப்போது கொஞ்சம் வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு முறை அழித்தேன்.

ஐரோப்பிய அளவில் குழந்தைத் துணிக்குச் சென்டிமீட்டரில் உயரம்தான் சைஸ். 98 என்றால் மூன்று வயசு, 104 என்றால் நான்கு. போன மாதம் முழுக்க எங்கள் லைனில் 104 தான் ஓடியது. ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரை வரை. எத்தனை ஆயிரம் பீஸ் என் கண்ணைத் தாண்டிப் போனதோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவளுக்கு பேண்ட் போட்டுவிட்டேன், கணுக்காலுக்கு மேலே நின்றது. 98 பேண்ட். என் மகள் 104 ஆனது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. உலகத்தில் இருக்கிற நான்கு வயசுக் குழந்தைகளுக்கெல்லாம் கை நீளம் கால் நீளம் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன். அன்று ராத்திரி சுவரோரம் நிற்க வைத்து பென்சிலில் கோடு போட்டேன். எதற்கு அழுகிறேன் என்று பெரியவன் கேட்டான். கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டது என்றேன். எங்கள் வேலையில் அது எப்போதும் நம்பும்படியான பொய்.

ஆகவே, குற்றவுணர்ச்சி எனக்கு வர வேண்டும் என்று நீங்கள் யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. தேவைக்கு மேல் ஸ்டாக் இருக்கிறது.

பள்ளியில் மஞ்சள் நாள் என்று ஒன்று வைத்தார்கள். வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்தது மதியம், நான் பார்த்தது ராத்திரி ஒன்பதுக்கு. காதர்பேட்டையில் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த ஒரு கடையில் குனிந்து உள்ளே போய் எழுபது ரூபாய்க்கு ஒரு மஞ்சள் பனியன் எடுத்தேன். மறுநாள் வகுப்பில் ஒரு அம்மா, "பிளெய்னா போட்டுட்டு வந்துட்டாங்களே" என்றாராம். அந்த வாட்ஸ்ஆப் குழுவில் அப்பாக்கள் யாரும் இல்லை. சேர்க்கவே இல்லை. குழுவின் பெயரே "மம்மீஸ்".

மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்கிற பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்களாம், ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் எடுத்தபோது 299, 97. ஐந்து வருடத்தில் இரண்டு பேருமே குறைத்துக்கொண்டிருக்கிறார்கள், இடைவெளி மட்டும் அசையவில்லை. அந்த 88 நிமிடம் எங்கள் வீட்டில் எந்த நேரத்தில் நடக்கிறது என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதினால் "புருஷனைப் பொதுவில் வைத்துப் பேசறா" என்பீர்கள். பேசத்தான் செய்வேன். கெட்டவர் கிடையாது. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. சின்னவளை வண்டியில் முன்னால் உட்கார வைத்துக் கடைக்குக் கூட்டிப்போவார், அதற்கே தெருவில் நாலு பேர், "என்ன பொறுப்பான மனுசன், நீ கொடுத்து வெச்சவ" என்பார்கள். நான் ஒரு இடுப்பில் குழந்தை, ஒரு தோளில் பை, கையில் கேரியரோடு கம்பெனி வேனுக்கு ஓடினால் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "மெதுவாப் போம்மா" என்பார்கள், அவ்வளவுதான். காதுகுத்தில் அவள் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றது அவர் பக்கத்தில். பார்த்திருக்கிறார். "போட்டுக்கட்டும்னு விட்டுட்டேன்" என்கிறார். அது சரியான முடிவுதான், நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் முடிவு அவருடையது, திட்டு என்னுடையது. இதைச் சொன்னால் "விடு, பேஸ்புக்தானே" என்கிறார். அவருக்குப் பேஸ்புக்தான். அவர் பெயரை யாரும் எழுதவில்லையே.

"அப்ப வேலைய விட்டுட்டுப் புள்ளையப் பாரு" என்று எழுதிய அண்ணாவுக்கு: வீட்டு லோன் தவணையை நீங்கள் கட்டுவீர்களா? போகட்டும். காசுக்காக மட்டும் போகவில்லை. பதினொரு வருடம் கற்றுக்கொண்ட வேலை. துணியைக் கையில் தொட்டதும் ஜிஎஸ்எம் எவ்வளவு, அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். இதை விட்டுவிட்டு எதற்கு உட்கார வேண்டும்? பிள்ளை சட்டையைத் திருப்பிப் போடாமல் பார்த்துக்கொள்ளவா?

முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தில் பிறகு திருத்தி வைத்திருந்தார்கள். முன்பு நான் வேலை பார்த்த இடத்திலும் ஒரு அறை இருந்தது. சுவரில் யானைப் படம், மூலையில் தொட்டில். பையர் ஆடிட்டுக்கு வருகிற அன்று காலையில் பூட்டைத் திறந்து, பொம்மைகளைத் துடைத்து வைத்து, பக்கத்துத் தெருக் குழந்தை இரண்டை உட்கார வைப்பார்கள். சாயங்காலம் பூட்டு. பெரியவன் அப்போது கைக்குழந்தை. அந்தத் தொட்டிலில் ஒரு நாள் கூட அவன் படுத்ததில்லை. நான் கழிவறையில் போய்ப் பாலைப் பிழிந்து ஊற்றிவிட்டு வருவேன். அதைப் பார்த்து யாரும் "பாவம்" என்று எழுதவில்லை.

சட்டையில் ஆரம்பித்து எங்கோ போய்விட்டேன். தெரிகிறது. திருத்தப்போவதில்லை.

படத்தை நீக்கச் சொல்லி, அதைப் பகிர்ந்தவருக்கே பலர் போன் பண்ணியிருக்கிறார்கள். வேண்டாம். படம் இருக்கட்டும். அவள் அதில் எவ்வளவு நன்றாகச் சிரிக்கிறாள் என்று ஒரு தடவை பாருங்கள். காலை ஏழு மணிப் படத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

நேற்று ராத்திரி நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்து, அந்த டைனோசர் சட்டையின் கழுத்து லேபிலைப் பிரிக்கச் சொன்னேன். இரண்டு நிமிட வேலை, நானே மூன்று மாதத்துக்கு முன்பு செய்திருக்கலாம். அரை மணி நேரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பிரித்தார். கழுத்துக்குக் கீழே சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. எங்கள் டேபிளில் என்றால் ரிஜெக்ட். சின்னவள் அந்த ஓட்டையில் விரலை விட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அப்புச்சி ஊட்டு விருந்துக்கும் அதைத்தான் போடுவாளாம். யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவள் அப்பாவும் வருகிறார்.