லானோவார் எல்ஃப்ஸை 'வெறும் 1/1'னு தூக்கிப் போடாதீங்க மக்களே

மேஜிக் த கேதரிங்ங்கிற கார்டு கேம் ஆட புதுசா வர்றவங்க, சண்டை போடுற கிரியேச்சர் கார்டை கையில எடுத்ததும் பாக்குறது வலது பக்கம் கீழ இருக்குற ரெண்டு நம்பரைத்தான், அதாவது பவர் (எவ்ளோ அடிக்கும்), டஃப்னஸ் (எவ்ளோ அடி தாங்கும்). 6/6னா கண்ணு விரியுது, 1/1னா ஓரமா தள்ளிடுறாங்க. அதனாலதான் அவங்க ஆடுற கார்டு கட்டுல, அதான் டெக்குல, 6/6 கொலோசல் டிரெட்மாவ் நாலு இருக்கும், லானோவார் எல்ஃப்ஸ் ஒண்ணு கூட இருக்காது.

1993ல ஆல்ஃபா செட்லயே வந்த கார்டு இது. ஒரு பச்சை மனா (கார்டு இறக்க ஆகுற செலவு, வழக்கமா லேண்ட் கார்டு தரும்) குடுத்து இறக்கணும், டேப் பண்ணா (பக்கவாட்டுல திருப்பி வச்சா) ஒரு பச்சை மனா தரும், அவ்ளோதான் மொத்தமும். இதுல என்ன இருக்குன்னு கேட்டா, 2018ல டொமினேரியா செட் வந்த டைம்ல ஆடுனவங்களைக் கேளுங்க. முதல் டர்ன் ஃபாரஸ்ட் (பச்சை மனா தர்ற லேண்ட்), எல்ஃப். ரெண்டாவது டர்ன் இன்னொரு ஃபாரஸ்ட், எல்ஃபையும் டேப் பண்ணு, மூணு பச்சை மனா ரெடி, ஸ்டீல் லீஃப் சாம்பியன் வந்து உக்காந்துடும். 5/4, பவர் ரெண்டோ அதுக்குக் கீழயோ இருக்குறதெல்லாம் அதை பிளாக் பண்ணவே முடியாது, எதிராளி கிட்ட அப்போ அதிகபட்சம் ரெண்டு லேண்டுதான் இருக்கும், பாவம் என்ன பண்ணுவான். டிரெட்மாவுக்கு ஆறு மனா வேணும், ஒரு டர்ன் கூட லேண்ட் தவறாம வந்தாலும் ஆறாவது டர்ன்தான், அதுக்குள்ள பாதி கேம் முடிஞ்சிருக்கும்.

சரி, எதிராளி ஷாக்னு ஒரு மனா டேமேஜ் கார்டைப் போட்டு எல்ஃபைக் கொன்னுட்டா? ஒரு மனாவுக்கு ஒரு மனா, ஒரு கார்டுக்கு ஒரு கார்டு, அந்த ஷாக் நாளைக்கு வேற நல்ல கிரியேச்சர் மேல விழாது, எனக்கு அது நஷ்டமே இல்ல. ஆனா ரெண்டு லேண்டும் ஒரு எல்ஃபும் இருக்குன்னு முதல்ல வந்த கைய மாத்தாம கீப் பண்றாங்க பாருங்க, அது வேற கதை, எல்ஃப் செத்தா நீங்களும் அங்கேயே உக்காந்திருக்க வேண்டியதுதான். எல்ஃபை லேண்ட் கணக்குல சேக்காதீங்க.

இதுல கூத்து என்னன்னா அதே டொமினேரியாலதான் காப்ளின் செயின்வர்லரும் வந்துச்சு. மூணு சிவப்பு மனா, 3/3, ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் (சண்டையில முதல்ல அடிக்கும்), இறங்கும்போதே எதிராளியோட எல்லா கிரியேச்சருக்கும் ஒரு டேமேஜ். உங்க எல்ஃபெல்லாம் மொத்தமா காலி, அவனுக்கு 3/3 உடம்பு மிச்சம். கார்டுல ஒரு எழுத்து கூட மாறல, எதிர்ல சிவப்பு உக்காந்தா மதிப்பு அப்படியே சரிஞ்சுடுது. அதனால யாராவது "இந்த கார்டு பத்துக்கு எத்தனை"னு கேட்டா எனக்கு எரிச்சலா வரும், எந்த ஃபார்மட்ல (எந்த கார்டெல்லாம் செல்லும்னு பிரிச்ச ஆட்ட வகை), யாருக்கு எதிரா, எத்தனாவது டர்ன்லன்னு சொல்லாம என்னத்த மார்க் போடுறது?

எட்டாவது டர்ன்ல டெக்கு மேல இருந்து எடுக்குறப்போ இது வந்தா குப்பைதான், ஒத்துக்கிறேன். 60 கார்டு டெக்குல நாலு வச்சா ஓப்பனிங் ஹேண்ட்ல (முதல்ல எடுக்குற ஏழு கார்டுல) ஒண்ணாவது வர சான்ஸ் 40% கிட்டதான். பயோனியர் ஃபார்மட்ல இதே வேலை செய்யுற எல்விஷ் மிஸ்டிக்கையும் சேத்து எட்டா வச்சா 65% ஆயிடும், அங்க டெக்கையே இது மேல கட்டலாம். கமாண்டர் ஃபார்மட்ல 100 கார்டுக்கு ஒண்ணுதான் வைக்க முடியும், வெறும் 7%, அதனால இதே வேலை செய்யுற வேற எல்ஃப்கள் கூட சேந்தாதான் பிரயோஜனம்.

2024 ஃபவுண்டேஷன்ஸ் செட்ல திரும்ப வந்திருக்கு, ஸ்டாண்டர்ட் ஃபார்மட்ல 2029 வரைக்குமாவது இருக்கும். உங்க டெக்குல மூணு மனாவுக்கு என்ன வச்சிருக்கீங்கன்னு முதல்ல சொல்லுங்க, எல்ஃப் வேணுமா வேணாமான்னு அப்புறம் பேசலாம்.