மாலை போட்டாச்சு, அதற்கு அப்புறம்?

எங்கள் ஊர் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு. பணியில் இறந்துபோன நம்ம ஊர் ராணுவ வீரருக்குச் சிலை வைப்பதா, நினைவுத்தூண் கட்டுவதா, ஊர் நுழைவில் வளைவு வைப்பதா என்று. சிலை எத்தனை அடி உயரம் என்பது வரை போய்விட்டது. அந்தப் பிள்ளைகளின் மனசு சுத்தம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவ்வளவு மெசேஜிலும் அந்த வீட்டுக்கு இப்போது என்ன தேவை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. குழுவில் நாலு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு செய்தி வந்தால் நம் ஊர்கள் நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்தால் கண் கலங்கும். யாரும் சொல்லாமலே கடையை அடைப்பார்கள். உடல் வந்து சேர்வதற்குள் பாதையில் இருக்கிற முள்ளை வெட்டி, பள்ளத்துக்கு மண் போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக லைட் கட்டிவிடுவார்கள். வண்டி ஊருக்குள் நுழையும்போது ரோட்டின் இரண்டு பக்கமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையில் நிற்பார்கள். உடலோடு கூடவே வந்த பட்டாளத்துக்காரர்கள் பெட்டி மேலிருந்த கொடியை மடித்து மனைவி கையில் கொடுப்பார்கள், குண்டு முழங்கும், கலெக்டர் வருவார், அமைச்சர் வருவார். பகையாளிகூட வந்து நிற்பான். இதையெல்லாம் யாரும் குறை சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை.

2019 பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலில் இறந்த 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் இரண்டு பேர் நம்மவர்கள். தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரி சுப்பிரமணியன், அரியலூர் மாவட்டம் கார்குடி சிவச்சந்திரன். அடுத்த வருஷம் ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் உயிர்விட்ட 20 பேரில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி. அந்தந்த வாரம் இந்த ஊர்ப் பெயர்கள் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தன. இன்றைக்கு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? வெளியூர்க்காரர்கள் மறப்பது இயல்பு. ஒரு மாநிலமே எல்லாரையும் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் இது சொந்த ஊரின் வேலை என்கிறேன்.

நம் முன்னோர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் போனால் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. பெரும்பாலும் ராஜாவுக்காகச் செத்தவர்கள்கூட இல்லை, ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களை எதிர்த்து நின்று செத்தவர்கள். பல கற்களில் எந்த ராஜாவின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், பேர் என்ன, எப்படிச் செத்தான் என்று எல்லாம் இருக்கும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது, பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அந்த நாயின் பேரையும், அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாயைக்கூட பேர் இல்லாமல் விடவில்லை. கல்லோடும் நிற்கவில்லை அவர்கள். இறந்தவனின் குடும்பம் பிழைக்க உதிரப்பட்டி என்று நிலம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மரியாதையும் சோறும் சேர்ந்தே போயிருக்கின்றன.

வெள்ளைக்காரன் வைத்த கல்லையும் பாருங்கள். முதல் உலகப் போருக்கு ஆள் அனுப்பிய ஊர்களில், குறிப்பாக வேலூர்ப் பக்கம், சின்னக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்த ஊரிலிருந்து 1914-லிருந்து நடந்த பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். எண்ணிக்கை மட்டும்தான். ஒரு பேர் கிடையாது. கடல் தாண்டிப் போய்ச் செத்தவனின் கொள்ளுப்பேரன் தினமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் நடக்கிறான், அந்த எண்ணிக்கையில் தன் கொள்ளுத்தாத்தா இருக்கிறாரா என்று அவனுக்குத் தெரியாது.

நாம் இப்போது வைக்கிற ஃபிளெக்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அஞ்சலி பேனரில் வீரர் படம் ஒரு மூலையில் சின்னதாக, வைத்தவர்களின் படம் வரிசையாகப் பெரிசு பெரிசாக. அதைவிட மோசம், சில இடங்களில் அவர் எந்தச் சாதி என்று ஊருக்கே தெரியும்படி சங்கத்துக் கொடியின் நிறத்தில் பேனர் வைப்பது. அவர் படுத்த பாரக்கில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் எந்த மாநிலம், எந்த மொழி, எந்தச் சாதியோ. ஊர் பொதுவுக்கு ஒரே ஒரு பேனர், அதில் அவர் படம் மட்டும் என்று முடிவு செய்ய எந்தச் சட்டமும் தேவையில்லை. நாலு பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து பேசினால் போதும்.

சரி, கூட்டம் கலைந்த பிறகு என்ன நடக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் போன பிறகு, இறந்த வீரரின் யூனிட்டிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பேர். உள்ளே மடித்த யூனிஃபார்ம், ஷேவிங் செட், மகள் வரைந்து அனுப்பிய படங்கள். அவர் மனைவி அந்தப் பெட்டியைத் திறந்து அழக்கூட நேரமில்லாமல் பேப்பர் வேலை ஆரம்பித்துவிட்டது. வாரிசுச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல், ராணுவ ஆவணத்தில் பேரில் ஒரு எழுத்து கூடுதல். பிறந்த தேதி ரேஷன் கார்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. கல்யாணம் ஆனதும் அதை பார்ட் டூ ஆர்டர் என்கிற ராணுவப் பதிவில் ஏற்றியிருந்தால்தான் மனைவி என்று ராணுவம் ஒப்புக்கொள்ளும், இரண்டாவது குழந்தை பிறந்தது ஏறியிருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபீஸ். ஒரு ஆபீஸில் அந்தப் பெண்ணை மத்தியானம் வரைக்கும் நிற்க வைத்துவிட்டு, அடுத்த வாரம் வாங்கம்மா என்றார்கள். இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கில் நடந்த ஊரிலிருந்து அன்றைக்கு அவளோடு பஸ் ஏற வந்தது அவளுடைய வயசான மாமனார் மட்டும்.

பண விஷயத்திலேயே பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எப்படி இறந்தார் என்பதைப் பொறுத்துத்தான் குடும்ப ஓய்வூதியம். சண்டையில் இறந்தால் கடைசியாக வாங்கிய சம்பள அளவுக்கே ஓய்வூதியம். பணி காரணமான விபத்து, நோய் என்றால் அதில் 60 சதவீதம். பணிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டால் இன்னும் குறைவு. ஆக, ஒரு ஃபைலில் எழுதுகிற ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே மாறுகிறது. அந்த வரி தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது, ஆனால் அதைச் சொல்ல ஆள் வேண்டுமே.

அரசாங்கத்துக்கு இப்படிப் பிரிக்க ஒரு கணக்கு இருக்கலாம், ஊருக்கு அந்தக் கணக்கு எதற்கு? 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்து இறந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியன். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களைக் கொன்றது எதிரியின் குண்டு இல்லை. அதனால் என்ன குறைந்துவிட்டது? குளிர் தாங்காமல் நெஞ்சு நின்று இறந்தவர், மலைப்பாதையில் லாரி உருண்டு இறந்தவர் வீட்டுக்கு வருகிற கூட்டம் கம்மி, டிவி வராது, மந்திரி வரமாட்டார். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். வீட்டுக்காரர்களுக்கு அப்புறம் தெரிகிற இன்னொரு விஷயம், முன்னாள் படைவீரர் நல அலுவலகக் கதவு அவர்களுக்குத் திறக்காது, அவர்கள் ராணுவத்தில் சேர்த்தி இல்லை, உள்துறையின் கீழ் வருகிறவர்கள். ஊர் வைக்கிற கல்லில் இவர்கள் எல்லார் பேரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இப்போது சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. ஆகஸ்ட் 15 மேடையில் அந்த மனைவியை வீரமங்கை என்று கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம். அதே ஊரில் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாண வீட்டில் அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். தாலி தொட்டுக் கும்பிடத் தட்டு வரும்போது அவளைத் தாண்டிப் போய்விடுகிறது. வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் வளையல் போட விடுவதில்லை. கொஞ்சம் நல்ல புடவை கட்டினால் ஒரு பேச்சு, பென்ஷன் எடுக்க பேங்குக்கு யாரோடு வண்டியில் போனாள் என்று ஒரு பேச்சு. இருபத்தைந்து, முப்பது வயசுப் பெண்கள் இவர்கள். மறுமணம் என்று வாயெடுத்தால் பணத்தைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்பார்கள். வீரப் பதக்கத்துக்கான மாதத் தொகை, விதவை தன் கணவனின் சகோதரனைத் தவிர வேறு யாரை மணந்தாலும் நின்றுவிடும் என்று ஒரு விதியே 2017 வரை இருந்தது. அதை அரசாங்கமே எடுத்துவிட்டது, நாம்தான் இன்னும் எடுக்கவில்லை. அந்தப் பெண்ணை முன்வரிசையில் உட்கார வைத்து முதல் வளையலைப் போடச் சொல்லுகிற வீடு எதுவோ, அந்த வீடுதான் அந்த வீரருக்கு மரியாதை செய்த வீடு. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அம்மாவை மறந்துவிடுகிறோம் என்பதும் உண்மை. ஓய்வூதியம் மனைவி பேருக்குப் போகும், அதுதான் சரி, அவளுக்குக் குழந்தைகள் இருக்கின்றன. ஆனால் மகன் மாதாமாதம் அனுப்பிய பணத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த தாய்க்கு அது சட்டென்று நிற்கிறது. மாமியாருக்கும் மருமகளுக்கும் இந்த இடத்தில்தான் முதல் விரிசல். அதை ஊதிவிட நிறைய பேர் வருவார்கள். இரண்டு பேரையும் உட்கார வைத்து, உங்களுக்கு இவ்வளவு, அவளுக்கு இவ்வளவு என்று அன்பாகப் பேசி முடிக்க நம்பிக்கையான பெரியவர் ஒருவர் முதல் மாதத்திலேயே போய் உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை கோர்ட்டுக்குப் போகாது.

தொடர்ந்து செய்கிற ஊர்களும் இருக்கின்றன, இல்லை என்று சொன்னால் பாவம். கார்கில் போரில் 1999 மே 29 அன்று பட்டாலிக்கில் இறந்தார் மேஜர் மாரியப்பன் சரவணன். உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வீர் சக்ரா கொடுத்தார்கள். திருச்சியில் அவர் நினைவிடத்தில் வருஷா வருஷம் அதே தேதியில் மலர்வளையம் வைக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவருகிறார்கள். டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்திலும் எனக்குப் பிடித்தது, சாயங்காலம் இறந்த வீரர் ஒருவரின் குடும்பத்தினரை அழைத்து அவர்கள் கையால் மலர்வளையம் வைக்கச் செய்வது. பெரிய ஆட்களுக்கு அங்கே அப்புறம்தான் இடம்.

டிசம்பர் 7 கொடி நாள் 1949-லிருந்து இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சின்னக் கொடி வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தச் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்று படைகளுக்கானது, பணம் போவது இந்தக் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் என்று சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் குறைவு.

ஆக, குழுவில் நான் சொல்வது இதுதான். பெரிய சிலை வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கல் போதும். அதில் பேர், ரெஜிமென்ட், இறந்த இடம், தேதி, பெற்றவர்கள் பேர், மனைவி பேர். கீழே இடம் விடுங்கள், 1962, 65, 71 போர்களில் நம்ம ஊரிலிருந்து போய் இறந்தவர்கள் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு அவர்கள் பேரையும் எழுதுவோம். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றத்துக்கு அந்த வீட்டில் ஒருவரைக் கயிறு பிடிக்கச் சொல்வோம், ஊராட்சித் தலைவர் பக்கத்தில் நிற்கட்டும்.

மிச்சப் பணத்தை அந்த வீட்டு இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கு வங்கியில் போட்டு வைப்போம். நம்ம ஊரிலேயே பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் இருக்கிறார், பேப்பர் விஷயம் அவருக்கு அத்துப்படி. அவரோடு பைக்கும் நேரமும் இருக்கிற பையன்கள் இரண்டு பேர் சேர்ந்துகொள்ளுங்கள். பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் லைஃப் சர்டிபிகேட் போட வேண்டும், அதைத் தவறவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். ஊரில் படைவீரர் பென்ஷன் வாங்குகிற வயசானவர்கள் எல்லார் வீட்டுக்கும் போய் முடித்துக் கொடுத்துவிடலாம்.

உங்கள் ஊரில் இப்படி யாராவது செய்துகொண்டிருந்தால் எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். முக்கியமாக, பேர் வித்தியாசத்தை எந்த ஆபீஸில், என்னென்ன காகிதம் வைத்துச் சரிசெய்தீர்கள் என்பதை எழுதுங்கள். எங்கள் ஊரிலும் அதுதான் இன்னும் முடியாமல் கிடக்கிறது.